கியர் அரைக்கிறது என்றால் கியர் பாக்ஸைத்தான் இறக்க வேண்டுமா?

பழைய வண்டிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தை 1978-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3 இப்போது என்னிடம் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓட்டாமல் கொட்டகையில் நின்றிருந்த வண்டியை அண்மையில் இன்ஜின் ஆயில், பேட்டரி மாற்றி எடுத்தேன். நின்ற நிலையில் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. முதல் கியரும் அப்படியே. ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாலும் அதே சத்தம். முன்பும் இரண்டாம் கியர் லேசாக முனகும். ரிவர்ஸ் அரைத்தது கிடையாது. கியர் பாக்ஸை இறக்கிப் பல் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?
(கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் கவனத்துக்கு உரியவை. ஒன்று, வண்டி இரண்டு ஆண்டுகள் நின்றிருக்கிறது. மற்றொன்று, நிறுத்துவதற்கு முன் ரிவர்ஸ் அரைத்ததில்லை. ஓடாமல் நின்ற வண்டியில் கியர் பல் தேய்வதற்கு வழியே இல்லை. ஆகவே, நின்றிருந்த காலத்தில் கெட்டுப்போகக்கூடியது எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சந்தேகம் கிளட்சின் மீதுதான் விழுகிறது. கியர் பாக்ஸை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் இசுசு இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் பொருத்தப்பட்ட வண்டிகள் வருவதற்கு முன்பு வந்த அம்பாசிடர்களில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழியாக வந்த நான்கு கியர் பாக்ஸ்தான் இருந்தது. அதில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு மட்டுமே சின்க்ரோ உண்டு; முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கிடையாது. சின்க்ரோ உள்ள கியரில், வேகம் வேறுபட்டுச் சுழலும் இரண்டு பாகங்களைக் கூம்பு வடிவ வளையம் ஒன்று உராய்ந்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே பற்கள் கோத்துக்கொள்கின்றன. சின்க்ரோ இல்லாத கியரில் அந்த உதவி இல்லை. பற்சக்கரமே நகர்ந்துபோய் இன்னொரு பற்சக்கரத்தோடு நேரடியாகப் பொருந்த வேண்டும். வண்டி நிற்கும்போது சக்கரங்களோடு இணைந்த பக்கம் அசையாமல் இருக்கிறது. கிளட்சோடு இணைந்த பக்கமும் நின்றுவிட்டால் சத்தம் வராது. அது சுழன்றுகொண்டே இருந்தால், அரைபடுவதைத் தவிர அந்தப் பற்களுக்கு வேறு வழியில்லை. எனவே பழைய வண்டிகளில் ரிவர்ஸ் கியர் என்பது, கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்று காட்டிக்கொடுக்கும் இலவசக் கருவி.

அந்தக் கருவியை இப்படிப் பயன்படுத்துங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆள் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடாகி ஐட்லிங் நிதானத்துக்கு வரட்டும். சோக் இழுத்த நிலையில் இந்தச் சோதனையைச் செய்தால் முடிவு தவறாகத்தான் வரும். நியூட்ரலில் வைத்துக் கிளட்சை அடிவரை மிதித்து, மனத்துக்குள் நிதானமாகப் பத்து எண்ணிய பிறகு ரிவர்ஸ் போடுங்கள். மிதித்த உடனே போட்டால் நல்ல வண்டியிலும் லேசாக அரைக்கும். கிளட்ச் பிளேட் சுழற்சி அடங்க அதற்குச் சில நொடிகள் வேண்டும். பத்து எண்ணியும் அரைத்தால் இன்ஜின் இன்னும் பிளேட்டை இழுத்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சத்தமில்லாமல் விழுந்தால், மிதித்த காலை எடுக்காமலே நியூட்ரலுக்கு வந்து, இன்னொரு பத்து எண்ணி மறுபடியும் ரிவர்ஸ் போடுங்கள். முதல் முறை விழுந்து இரண்டாம் முறை அரைத்தால், நீங்கள் மிதித்தபடி இருக்கும்போதே அழுத்தம் மெல்லக் குறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கடைசிக் குறிப்பைப் பலர் கவனிப்பதில்லை. அம்பாசிடரின் கிளட்ச் கேபிளால் இயங்குவதன்று. பிரேக்கைப் போலவே ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. பெடலோடு இணைந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் ஆயில் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. வாஷரைத் தாண்டிச் சிலிண்டருக்குள்ளேயே பின்னோக்கி நழுவிவிடும். ஆயில் அளவு குறையவே இல்லை, ஆகவே சிலிண்டர் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். பெடலை விரைவாக இரண்டு மூன்று முறை மிதித்துவிட்டுக் கியர் போட்டால் அரைப்பு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் குற்றவாளி பைப்பும் சிலிண்டர்களும் அடங்கிய அந்த வழியில்தான் இருக்கிறான்: உள்ளே காற்று புகுந்திருக்கலாம், வாஷர் நழுவலாம், அல்லது பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது பலூனைப் போல் உப்பி அழுத்தத்தை விழுங்கிவிடலாம்.

பிறகு ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) பக்கத்தில், அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திக் கீழே நுழைவது ஆபத்து; ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும். இந்த வகை வண்டியில் கம்பி ஏறத்தாழ அரை அங்குலம் நகர வேண்டும். அதில் பாதிதான் நகர்கிறது என்றால், நல்ல கியர் பாக்ஸ் எதைப் போட்டாலும் அரைக்கத்தான் செய்யும். இரண்டு ஆண்டு நின்ற வண்டியில் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அந்த ஈரத்தால் சிலிண்டரின் உள்சுவர் துருவேறிச் சொரசொரப்பாகியிருந்தால் புது வாஷர் போட்டாலும் அது ஆறு மாதம் தாங்காது, சிலிண்டரையே மாற்றிவிடுவது நல்லது. ஆயில் ஊற்றும்போது பிரேக் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றி, ரப்பர் வாஷர்கள் எல்லாம் ஊதிப்போய்ப் பிஸ்டன் திரும்பாமல் நின்ற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என்னுடைய அம்பாசிடரும் இப்படித்தான் அரைத்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் சொன்னதைக் கேட்டுக் கியர் பாக்ஸை இறக்கி, பிரித்து, கழுவி, உள்ளே குறை ஒன்றும் காணாமல் மீண்டும் ஏற்றினோம். அரைப்பு அப்படியே இருந்தது. கடைசியில் பெடலையும் சிலிண்டர் கம்பியையும் இணைக்கும் பின்னைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்: சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அந்த எஃகுத் துண்டு நடுவில் பிறைநிலாவாகத் தேய்ந்திருந்தது, அது நுழையும் துளையும் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. மிதிக்கும் தூரத்தில் முதல் பகுதி அந்தத் தேய்மானத்தை நிரப்புவதிலேயே போய்விட்டது, கிளட்சுக்குக் கிடைத்தது மீதிதான். லேத் பட்டறையில் துளைக்குப் புஷ் அடித்துப் புதுப் பின் கடைந்து போட்டதும் ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது. அன்று முதல் கியர் அரைக்கிறது என்று யார் வந்தாலும், பெடலை விரலால் அசைத்து அந்த வெற்று ஆட்டம் எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

தள்ளுகம்பி சரியாக நகர்ந்தும் ரிவர்ஸ் அரைத்தால் குறை பெல் ஹவுசிங்குக்குள் இருக்கிறது. நின்ற வண்டியில் மிகவும் வாய்ப்புள்ளது, கிளட்ச் பிளேட் நகர வேண்டிய ஸ்ப்ளைன் (கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டில் உள்ள வரிப்பள்ளங்கள்) துருப்பிடித்து, அதை அழுத்தும் பிரஷர் பிளேட் விலகினாலும் பிளேட் விலகாமல் இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலோடு ஒட்டி உரசிக்கொண்டிருப்பது. பெடலை மரக்கட்டை கொண்டு ஓர் இரவு அழுத்தி வைத்தால் ஒட்டியிருந்த பிளேட் சில நேரம் விடுபடும். செலவில்லாத வைத்தியம் என்பதால் முயன்று பார்ப்பதில் தவறில்லை. அடுத்து, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கும் பைலட் புஷ் இறுகிப்போயிருக்கலாம். இது இறுகினால், கிளட்ச் முழுமையாக விடுபட்ட பின்பும் இன்ஜின் இந்தப் புஷ் வழியாகவே கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். எளிதில் கண்டுபிடிக்க முடியாத குறை இது. எனவே எந்தக் காரணத்துக்காகக் கியர் பாக்ஸ் இறங்கினாலும் இந்தப் புஷ்ஷை மாற்றாமல் ஏற்ற விடாதீர்கள். கிளட்சை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கும் அப்படியே, பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பில் அது குண்டுகள் கொண்ட பேரிங் அன்று, கிராஃபைட் வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் உள்ளவர் கையில் அது விரைவில் தேய்ந்துவிடும்.

இவ்வளவும் சரியான பிறகு, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் அரைப்பு மிஞ்சினால், அதுதான் கியர் பாக்ஸின் சொந்தக் குறை. கிளட்ச் விடுபடாத குறை எல்லாக் கியர்களையும் பாதிக்கும். சின்க்ரோ தேய்ந்த குறை பெரும்பாலும் ஒரே ஒரு கியரைப் பிடித்துக்கொள்ளும். அம்பாசிடரில் அந்த ஒன்று பெரும்பாலும் இரண்டாம் கியர்தான். முதல் கியருக்குச் சின்க்ரோ இல்லாததால் ஊர்ந்து போகும் இடங்களிலெல்லாம் ஓட்டுநர்கள் இரண்டாம் கியரையே நம்பியிருந்தார்கள், உழைத்தது தேய்ந்திருக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது அரைக்காமல், இறக்கும்போது மட்டும் அரைப்பதற்கும் காரணம் உண்டு. ஏற்றும்போது உள்ளே சுழல்வதன் வேகம் குறைந்தால் போதும், அதற்கு ஆயிலின் தடையே பாதி உதவி செய்துவிடுகிறது. இறக்கும்போது அதை வேகப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த வேலை முழுவதும் தேய்ந்த வளையத்தின் தலையில்தான் விழுகிறது.

உறுதிப்படுத்த டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலரேட்டரை ஒரு முறை மிதமாகத் தட்டி, மறுபடி மிதித்து இரண்டாம் கியருக்குத் தள்ளுங்கள். பழைய லாரி ஓட்டுநர்களுக்கு இது சுவாசத்தைப் போல இயல்பான வேலை. இப்படிச் செய்தால் சத்தமின்றி விழுகிறது என்றால் பற்கள் நன்றாக இருக்கின்றன, வளையம் மட்டுமே தேய்ந்திருக்கிறது. கூடவே கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியின் மீது கொஞ்சம் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு இயல்பானது. பொன் துகளாக மினுக்கினால் பித்தளைச் சின்க்ரோ ரிங் கரைகிறது. நகக்கண் அளவுக்கு எஃகுச் செதில்கள் வந்தால் மட்டுமே பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று பயப்பட வேண்டும்.

வளையம் மட்டும் தேய்ந்திருந்தால், வார இறுதியில் மட்டும் ஓடும் வண்டிக்கு டபுள் கிளட்ச் போட்டே பல ஆண்டுகள் ஓட்டலாம் என்பது என் கருத்து. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பழைய பாக்ஸ்கள் கிடைக்கின்றன. ஆனால் அதற்குள் இருக்கும் இரண்டாம் கியரும் இன்னொருவர் தேய்த்துவிட்டதாகவே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பல் செட் முழுவதையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், எந்தப் பல் உடைந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன். நன்றாக இருந்த கியர், ஆயில் மாற்றிய பிறகு அரைக்கத் தொடங்கியது. விலை உயர்ந்த, தரமான கியர் ஆயில்தான் ஊற்றச் சொன்னேன். தரமான ஆயில் எப்படிக் கெடுதல் செய்யும்?
(காரைக்குடி வாசகர்)

பதில்: டப்பாவைத் தூக்கி எறியாமல் இருந்தால், அதில் ஜி.எல். என்ற எழுத்துகளுக்குப் பின் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஜி.எல். 5 என்று இருக்கும் என்பது என் ஊகம். அது பின் ஆக்சிலில் இருக்கும் ஹைப்பாய்டு பற்களுக்காக உருவானது. மிகுந்த அழுத்தத்தில் ஒன்றன் மீது ஒன்று வழுக்கும் அந்தப் பற்களைக் காப்பதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் அதில் அதிகம். சின்க்ரோ ரிங் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால், கூம்பின் மீதுள்ள ஆயில் படலம் சட்டென்று விலகி, உலோகம் உலோகத்தைப் பிடிக்க வேண்டும். இந்த ஆயில் விலக மறுத்து வழுக்குகிறது. பிடிப்பு வருவதற்குள் நீங்கள் லீவரைத் தள்ளிவிடுகிறீர்கள், பல் அரைபடுகிறது. அந்தச் சேர்மானங்களில் சில, சூட்டில் பித்தளையையும் அரிக்கும். ஆக்சிலுக்கு ஊற்றிய டப்பாவிலேயே மிச்சமிருந்ததைக் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடுவது நம் ஒர்க்ஷாப்களில் சாதாரணமாக நடப்பது.

வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட கனத்தில், ஜி.எல். 4 தரத்துக்கு மாற்றுங்கள். சூடாக ஓடி வந்ததும் வடித்து, புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகே முடிவு சொல்லுங்கள். காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் அரைத்து, சூடானதும் சரியாகிறது என்றால் ஆயில் அளவுக்கு மீறிக் கனமாக இருக்கிறது என்றும் கொள்ளலாம். ஒரு வண்டிக்குச் சரியானது இன்னொன்றுக்கும் சரி என்று எண்ண வேண்டாம்: எம்.ஜி.பி. போன்ற பி.எம்.சி. கார்களின் கையேடுகள் கியர் பாக்ஸுக்கும் இன்ஜின் ஆயிலையே ஊற்றச் சொல்கின்றன.

கேள்வி: சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் என்னுடையது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், இரண்டு சிலிண்டர்கள் எல்லாம் புதிது. ஆனாலும் முதல் கியரும் ரிவர்ஸும் அரைக்கின்றன. இனி எதை மாற்றுவது?
(தாம்பரம் வாசகர்)

பதில்: மாற்றுவதை நிறுத்திவிட்டுப் பானெட்டைத் திறங்கள். ஹெரால்டின் பானெட் முன்னோக்கி முழுவதும் கவிழ்வதால் இந்தச் சோதனை அதில் மிக எளிது. இன்ஜினை நிறுத்திவிட்டு, முன்பக்கத்து ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைக் கூர்ந்து பார்த்தபடி, இன்னொருவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குபவை, பின் பேரிங்குக்கு அருகில் அரைவட்டமாக இருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள். பிரிட்டனின் டிரையம்ஃப் நிறுவனத்தின் வழி வந்த இந்தச் சிறிய இன்ஜின்களில் இவை தேய்வது பலரும் அறிந்த பலவீனம். வாஷர் தேய்ந்தால் நீங்கள் மிதிக்கும் தூரத்தில் ஒரு பங்கு, பிளேட்டை விடுவிப்பதற்குப் பதிலாகக் கிராங்க்கையே நகர்த்துவதில் வீணாகிறது. இருக்க வேண்டிய ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான். கண்ணால் பார்த்து அசைகிறது என்று சொல்லும்படி இருந்தால் அது ஏற்கெனவே அதிகம். இதை ஒத்திப்போட வேண்டாம். வாஷர் தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் நேரடியாக இன்ஜின் பிளாக்கை உராயத் தொடங்கும், பிறகு பிளாக்கே வீணாகும். ஆயில் சம்ப்பைக் கழற்றி, இன்ஜினை இறக்காமலே இந்த வாஷர்களை மாற்றிவிடலாம் என்பது ஓர் ஆறுதல்.

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது கியர் பாக்ஸில் அரைப்பது போன்ற சத்தம் வருகிறது, கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. நாலாம் கியரில் ஓடும்போதும் சத்தம் மிகவும் குறைகிறது. இதுவும் கிளட்ச்தானா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: இல்லை, இந்த முறை குறை கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கிளட்சை மிதித்ததும் நிற்கும் சத்தம், உள்ளே சுழலும் ஷாஃப்ட்டின் பேரிங்கிலிருந்து வருவது. மாறாக, மிதிக்கும்போது மட்டும் வந்திருந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சொல்லியிருப்பேன். பழைய நான்கு கியர் பாக்ஸ்களில் நாலாம் கியர் நேரடி இணைப்பு என்பதால், அதில் ஓடும்போது கீழே இருக்கும் லே ஷாஃப்ட் வெறுமனே சுழலுமே தவிரப் பாரம் சுமக்காது. மற்றக் கியர்களில் சத்தம் இருந்து நாலாம் கியரில் அடங்குகிறது என்றால், லே ஷாஃப்ட்டும் அதன் நீடில் பேரிங்குகளும் தேய்ந்திருக்கின்றன. ஆயில் அளவை இன்றே பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி, அதிக தூரம் ஓட்டாமல், பாக்ஸை இறக்க நாள் குறித்துவிடுங்கள். அப்படி இறக்கும்போது, கோபிசெட்டிபாளையம் வாசகருக்குச் சொன்ன பைலட் புஷ்ஷையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள்.